யார் பெயரில்?

1925இல் வை.மு. கோதைநாயகி அம்மாள் கையில் எடுத்தபோது ‘ஜகன்மோகினி’ புதிய இதழல்ல; வெளிவந்து நின்றுபோயிருந்த ஒன்று. அவருக்கு வயது 24ஐத் தொட்டும் தொடாமலும். குழந்தையாக மணமுடிக்கப்பட்டவர், பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். கைப்பழக்கம் பிறகுதான் வந்தது.

நடந்துகொண்டிருந்த ஏதாவது ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பிக்கொண்டு அவர் இருந்திருக்கலாம். பெண்களுக்கான பத்திரிகைகளும் புதிதல்ல. 1905இலேயே ‘சக்ரவர்த்தினி’ வந்துவிட்டது. ஆனால் அதன் ஆசிரியர் பாரதி. பெண்ணின் முன்னேற்றத்தையும் ஆண்தான் அச்சுக்குக் கொடுத்தார். கோதைநாயகி கேட்டது எழுத இடமல்ல, இடத்தின் உரிமை. கேலிகள் வந்தன. சட்டமறுப்புக் காலத்தில் சிறைக்கும் போனார். உலகப்போரின்போது காகிதம் கிடைக்கவில்லை. அத்தனையையும் தாண்டி இதழை ஏறத்தாழ 35 ஆண்டுகள் இழுத்துக்கொண்டு வந்தார். அவர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேல். அவற்றின் இலக்கியத் தரம்பற்றி விமர்சகர்கள் இன்றும் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். இதழை நடத்திய உழைப்பை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே என் வருத்தம்.

உடுமலைப்பேட்டையில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் உண்டு. பல வருடம் விட்டுப்போன என் வலைப்பதிவை மறுபடி தொடங்கப்போகிறேன். எங்கே என்பதுதான் கேள்வி.

தமிழ் வலைப்பதிவின் முதல் பத்தாண்டைப் பெண்கள் தங்கள் எழுத்தின் வரலாறாக இன்னும் எழுதவில்லை. 2004இல் கோவைக்காரரான காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைக் கொண்டுவந்தார். கனடாவிலிருந்து மதி கந்தசாமி வலைப்பதிவுகளின் பட்டியலைத் தொகுத்தார். நியூசிலாந்திலிருந்து துளசி கோபால் எழுதினார். பத்திரிகை ஆசிரியரின் தயவு வேண்டாம், தபால்தலை வேண்டாம், சமையல் முடிந்து அரைமணி நேரம் கிடைத்தால் போதும். பெரும்பாலோர் குடியேறியது பிளாகரில். இலவசம், ஆனால் வாடகை வீடு. 1999இல் தொடங்கிய அந்தச் சேவையை 2003இல் கூகுள் வாங்கியது. அதேபோல் யாஹூ வாங்கிய ஜியோசிட்டீஸை 2009இல் மூடினார்கள். கோடிக்கணக்கான பக்கங்கள் போயின. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் சாமான் எடுக்கவாவது நேரம் வேண்டாமா?

வேர்ட்பிரஸ் திறமூல மென்பொருள். அதைச் சொந்த வழங்கியில் வைத்தால் எழுத்தை மூட்டைகட்டி எங்கும் கொண்டுபோகலாம். ஆண்டுதோறும் வாடகை உண்டு, பராமரிப்பும் நம் தலையில். பிளாகரிலேயே இருந்துகொண்டு சொந்த முகவரிப் பெயரை மட்டும் வாங்கி இணைக்கவும் வழி இருக்கிறது; செலவு பெயருக்கு மட்டும்தான். நான் இதையே தேர்ந்தேன். வீடு வாடகையானாலும் கதவிலக்கம் என்னுடையது. நாளைக்கு வேறு வீடு பார்த்தாலும் வாசகர் அதே இலக்கத்தில் வந்து தட்டுவார்.

பதிவுசெய்து தந்த கணினிக் கடைத் தம்பி விவரம் நிரப்பும்போது கேட்டார்: “சார் பேருலயே போட்டுரலாங்களாக்கா?” கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் பக்கம் தோப்பும் கிணறும் யார் பெயரில் இருக்கிறதோ, அந்தப் பழக்கத்தில் கேட்டார். தமிழ்நாட்டில் 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தார்கள். அதற்குமுன் மணமானவர்களுக்கு இல்லை. என் அக்கா அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம், நான் இந்தப்பக்கம். ஆனாலும் நாங்கள் இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். பங்கு இல்லாதவளிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்வது ஊர் வழக்கம்.

“என் பேருல போடுங்க தம்பி” என்றேன். இனிஷியல் கேட்டார். அம்மாவின் முதலெழுத்தைச் சொன்னேன். பழைய பதிவுகளின் நகல் ஒன்று என்னிடம், இன்னொன்று அக்காவிடம் இருக்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, எதை மறுபடி போடலாம் என்று பென்சிலில் குறித்து அனுப்புகிறாள்.