வார்சாவுக்கருகே ஒரு கொடை

எனிக்மா என்றதும் நம் நினைவில் எழுவன இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கும் ஆலன் டூரிங்கும்தாம். ஜெர்மானியப் படையின் அந்த மறையெழுத்துப் பொறியை முதலில் வென்றவர்கள் போலந்து நாட்டவர் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஒரு ஜெர்மானிய ஒற்றனிடம் பிரெஞ்சுக்காரர் விலைக்கு வாங்கிய தாள்கள் போலந்துக்குத் தரப்பட்டன. அவற்றின் துணையோடு, 1932 டிசம்பரில், பொறியின் உட்கம்பி அமைப்பை மரியான் ரெயெவ்ஸ்கி என்னும் இளைஞர் கணிதத்தாலேயே கண்டறிந்தார். வெற்றியைப் பிரான்சுக்குச் சொல்லாமல் போலந்து ஆறரை ஆண்டுகள் மறைத்தது. நட்பு நாடுகளிடையேயும் ஒளிவு இருந்தது.

1938 டிசம்பரில் ஜெர்மானியர் மூன்று உருளைகளோடு மேலும் இரண்டைச் சேர்த்தனர். உருளைகளை அடுக்கும் முறைகள் 6லிருந்து 60 ஆயின. ஈடுகொடுக்கும் பொருள்வளம் போலந்திடம் இல்லை. போரோ வாயிலில் நின்றது. 1939 ஜூலை 25, 26 நாள்களில், வார்சாவுக்கருகே பிரி என்னுமிடத்தில், பிரெஞ்சு, பிரித்தானிய விருந்தினர்முன் அனைத்தையும் திறந்து காட்டினர்.

வந்தவருள் ஒருவர் டில்லி நாக்ஸ். எரோடாஸ் என்னும் கிரேக்கப் புலவரின் சிதைந்த பாப்பிரஸ் சுவடியோடு போராடிப் பதிப்பித்தவர். சுவடிப் பதிப்பின் துன்பம் அறிந்த நமக்கு அயலவரல்லர். விசைப்பலகைக் கம்பிகள் எவ்வரிசையில் உருளைகளுக்குள் நுழைகின்றன என்பதே அவரை அலைக்கழித்த வினா. ரெயெவ்ஸ்கி கண்ட விடை: வெறும் அகரவரிசை! பள்ளிச் சிறுவனும் சொல்லியிருக்கக்கூடிய விடை, ஒரு பேரறிஞருக்கு எட்டவில்லை. நாக்ஸ் முதலில் சினந்தார், பின்னர் மகிழ்ந்தார்.

இரு நாடுகளுக்கும் ஒவ்வொரு மாதிரிப் பொறி அளிக்கப்பட்டது. ஐந்து வாரங்களில் போலந்து தாக்கப்பட்டது.

கொடுத்தவர்கள் என்ன ஆயினர்? ருமேனியா வழியே பிரான்சுக்கு ஓடினர். ரெயெவ்ஸ்கியின் தோழர் யெர்சி ரூசித்ஸ்கி 1942 ஜனவரியில் கப்பல் மூழ்கி மாண்டார். தலைவர்களான லாங்கரும் சென்ஸ்கியும் ஜெர்மானியரிடம் சிக்கினர். விசாரணையிலும் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. ரெயெவ்ஸ்கியும் ஹென்ரிக் ஸிகால்ஸ்கியும் 1943இல் பிரிட்டனை அடைந்தபோது, அவர்களுக்குக் கிடைத்தவை சிறு மறையெழுத்துகளே. பிளெட்ச்லியின் கதவு திறக்கவில்லை. பாதுகாப்பு நெறி என்று சமாதானம் கூறலாம். நமக்கு அது நன்றி மறந்த செயலாகவே படுகிறது.

1946இல் தாயகம் திரும்பிய ரெயெவ்ஸ்கி, 1970களில் நூல்கள் வெளிவந்து இச்செய்தி உலகறியும் முன்பே, பித்கோஷ்ச் நகரில் கணக்கெழுதி ஓய்வும் பெற்றுவிட்டிருந்தார்.