அம்பாசடர் காரின் ஒயரிங்

அம்பாசடர், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை தயாரித்த கார். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்ததால், இதன் மின்சுற்றும் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம் வகுத்த வழியில் அமைந்தது. இந்த வரலாற்றில் சென்னைக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் கைகோத்து 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ்., சென்னையின் பாடி பகுதியில் டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவற்றை உருவாக்கி இந்திய வாகனங்களுக்குக் கொடுத்தது.

லூகாஸ் விட்டுச்சென்ற பெருங்கொடை ஒயர்களின் நிற ஒழுங்கு. பழுப்பு ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். வெள்ளையில் சாவியைத் திருப்பினால்தான் வரும். அந்த வெள்ளை ஃபியூஸைத் தாண்டியதும் பச்சையாகி வைப்பர், பிரேக் விளக்கு, டேஷ்போர்டு மீட்டர்களுக்குப் போகிறது. நீலம் ஹெட்லைட்டுக்கு உரியது. அதில் வெள்ளைக் கோடு ஓடினால் பிரைட், சிவப்புக் கோடு ஓடினால் டிம். தனிச் சிவப்பு பார்க்கிங் விளக்குக்கும் பின்விளக்குக்கும், கறுப்பு எர்த்துக்கும். ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினியின் நிறங்கள் வேறு. லூகாஸ் ஒழுங்கு மனப்பாடமான எலக்ட்ரீஷியன் வரைபடம் இல்லாமலே பாதி வேலையை முடித்துவிடுவார்.

ஆரம்ப கால பிரிட்டிஷ் அமைப்பில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றும்போது டைனமோவின் காந்தமுனையையும் திருப்ப வேண்டும், இக்னிஷன் காயிலின் இரு இணைப்புகளையும் இடம் மாற்ற வேண்டும்.

பழைய ஃபியூஸ் பெட்டியில் இருப்பவை இரண்டே ஃபியூஸ்கள். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அந்த வழியில் ஷார்ட் ஆனால் எரிவது ஒயர்தான். டைனமோவின் உச்ச உற்பத்தியும் சுமார் 20 ஆம்பியர் மட்டுமே.

இந்தக் குறைகளின் கனம் ஜவ்வாது மலைச் சாலைகளில் புரியும். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் பாதையில் இரவு அடர்ந்த இருட்டு. காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட்டும் ஹாரனும் சேர்ந்து மங்கினால் அது உயிர்ப் பிரச்சினை.

அப்படி மங்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எரியும் ஹெட்லைட்டின் கறுப்பு ஒயர் முனையிலும் வைத்தால், மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் துருவோ பெயின்ட்டோ குறுக்கே இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், அதைப் பாடியோடு இணைக்கும் பின்னல் பட்டை அறுந்துபோனால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ பட்டையைத்தான் பார்க்க வேண்டும். நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரிப்பது வீண்வேலை.

திரும்பத் திரும்ப ஃபியூஸ் போனால் அதன் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைக் கோக்கிறார்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒவ்வொரு இணைப்பாகப் பிடுங்கிக்கொண்டே போக, எந்த ஒயரைக் கழற்றியதும் மங்குகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. தடித்த ஃபியூஸ் போடுவதும் ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவதும் காரைக் கொளுத்தும் வேலை.

துணி பின்னிய பழைய ஒயரிங் கிட்டில் ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்திருந்தால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. முழு கிட்டையும் அதே நிறங்களில் மாற்றுவதே சரி. கையில் கிடைத்த சிவப்பு ஒயரை எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்டால் அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு வழி அடைபட்டுவிடும். ஹெட்லைட்டுக்கு ரிலேயும் தனி ஃபியூஸும் சேர்ப்பது பழைமையைக் கெடுக்காது, காரைக் காப்பாற்றும்.

பிந்தைய அம்பாசடர்களில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. உற்பத்தி 2014-இல் நின்றபின் பழைய பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளை நாடுகிறார்கள்.