ரி-யின் தலையில் ஒரு புள்ளி

கொஞ்சம் நீண்ட பதிவு. செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். 70 கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் இறங்கிக்கொண்டே படித்தால் தலை சுற்றும், அதற்கு நான் பொறுப்பல்ல.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். நாமக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறான். யாரோ பாட்டுப் புத்தகம் ஒன்றை ஸ்வரத்தோடு அடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். "சார், ரி-க்கு மேல புள்ளி வெக்கணுங்கறாங்க. வெச்சா அந்தப் புள்ளி ரி மேல நிக்காம பக்கத்துல ஒரு வட்டம் போட்டு அதுமேல போய் உக்காந்துக்குது. என்ன சார் பண்றது?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வலியும் வந்தது. இதே புள்ளியிடம் 35 வருடங்களுக்கு முன் நான் தோற்றிருக்கிறேன்.

இசை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ ரி க ம ப த நி என்ற ஏழு எழுத்துகளால் மெட்டை எழுதுகிறோம். ஒரு ஸ்வரத்தை இன்னும் ஒரு மாத்திரை நீட்டினால் காற்புள்ளி, இரண்டு மாத்திரை நீட்டினால் அரைப்புள்ளி. வேகமாகப் பாட வேண்டிய இடத்தில் எழுத்துகளின் மேல் ஒரு கோடு. தாளத்தின் அங்கம் முடிந்தால் ஒற்றைக் கோடு, ஆவர்த்தனம் முடிந்தால் இரட்டைக் கோடு. மேல் ஸ்தாயி என்றால் எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் காலடியில் புள்ளி. அவ்வளவுதான். சாதாரண அச்சகத்தில் இருக்கும் எழுத்தையும் குறியையும் வைத்தே ஒரு பாட்டை எழுதிவிடலாம்.

ஆனால் தமிழில் தலைப்புள்ளிக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. தொல்காப்பியர் காலத்திலிருந்தே அது மெய்யெழுத்தின் அடையாளம். மேல் ஸ்தாயி ஸ-வுக்குப் புள்ளி வைத்தால் அது "ஸ்" ஆகிவிடும். பாடுபவர் புரிந்துகொள்வார். ஆனால் ரி-க்கும் நி-க்கும் புள்ளி வைத்தால்? அப்படி ஓர் எழுத்து தமிழில் கிடையாது. கம்ப்யூட்டர் "இது தப்பு" என்று வட்டம் போட்டுக் காட்டுகிறது. அந்தக் காலத்தில் அதையே மனிதர்கள் செய்தார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நம் பள்ளி ஆண்டுமலர் ஒன்றில் மலை மக்களின் பாட்டு நாலைந்தைச் சேர்க்க ஆசைப்பட்டேன். சாமைக் காட்டில் களை எடுக்கும்போது பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதை முழுசாகத் தெரிந்த ஒரு பாட்டி இருந்தார். சின்ன வயதில் நான் கொஞ்சம் ஆர்மோனியம் கற்றிருந்தேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பாடப் பாட, மூன்று சாயங்காலம் ஸ்வரம் எழுதினேன். கீழே ஒரு ஊரில் இருந்த அச்சகத்தில் கொடுத்தேன்.

புரூஃப் வந்தது. அச்சு கோர்த்தவர் பாவம், ஒவ்வொரு ரி-க்கு மேலும் நி-க்கு மேலும் எப்படியோ சிரமப்பட்டுப் புள்ளியைச் செருகியிருந்தார். பார்த்து மகிழ்ந்து திருப்பி அனுப்பினேன். ஆனால் அச்சாகி வந்த மலரில் ஒரு புள்ளி கூட இல்லை. கடைசியாக யாரோ பிழை திருத்தியவர் எல்லாவற்றையும் "எழுத்துப்பிழை" என்று எடுத்துவிட்டார். ஸ்வரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டிய பாட்டு வரிகளையும் இடம் போதவில்லை என்று நெருக்கித் தள்ளியிருந்தார்கள். மேலே ஏற வேண்டிய மெட்டு கீழே கிடந்தது. எந்தச் சொல் எந்த ஸ்வரத்தில் விழுகிறது என்று எனக்கே தெரியவில்லை. என் கையெழுத்துப் பிரதி அச்சகத்தோடு போயிற்று. அடுத்த வருடம் பாட்டியும் போய்ச் சேர்ந்தார்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நம் மலைக்கும் இந்த விஷயத்துக்கும் பழைய தொடர்பு உண்டு.

ஆடி 18-க்கு நாம் விழா எடுக்கும் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. ஒன்றில் ஓரி என்று தெரியாமலே அந்த வேட்டுவன் முன் பாணர் கூட்டம் பாடுகிறது. முழவும் யாழும் இன்னும் பல கருவிகளும் வரிசையாகப் பேசப்படுகின்றன. இன்னொன்றில் ஓரி கொடுத்த பரிசு மிகுதியால் அவர்கள் ஆடலையும் பாடலையுமே மறந்துபோனார்கள் என்று வருகிறது. பரிசு வாங்கியவர்கள் அன்று ஒரு நாள் மறந்தார்கள், நாம் நிரந்தரமாகவே மறந்துவிட்டோம். உ.வே.சா. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்ததால் சொல் நமக்குக் கிடைத்தது. அந்த யாழில் எந்த மெட்டு ஒலித்தது என்பது கிடைக்கவில்லை.

அதேபோல, தேவாரப் பண்களில் ஒன்றின் பெயர் "கொல்லி". நம் மலையின் பெயரேதான். அப்பர் சுவாமிகளின் முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான் அமைந்தது. இன்று ஓதுவார்கள் கொல்லியை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். பண்ணின் பெயர் ஓலையில் இருந்தது, ஸ்வரம் இல்லை. தொண்டையிலிருந்து தொண்டைக்கு வந்ததுதான் மிச்சம்.

எழுதி வைத்தவர்கள் யாருமே இல்லையா என்றால், இருந்தார்கள். அதுவும் நம் கொங்குப் பக்கத்திலேயே. ஈரோட்டுக்கு அருகில் அறச்சலூரில் ஒரு குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. த, தா, தை என்ற தாளச் சொற்கட்டுகள், வரிசைக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிசை, கட்டம் போலப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு என்றும் 4-ஆம் நூற்றாண்டு என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். கீழே, இந்த எழுத்துகளைப் புணர்த்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் இருக்கிறது. வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். எழுத்தைப் புணர்த்தவன் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அச்சு கோர்ப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். பெயரைப் போட்டுக்கொண்ட முதல் கம்போசிட்டர் அவர்தான் என்று வகுப்பில் சொல்வேன்.

அடுத்தது புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலை. குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக ஸ்வரங்களே செதுக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 1300 வருடம் பழையது. நான்கு நான்கு ஸ்வரமாகக் கட்டி, ர, ரி, ரு, ரே என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். சில எழுத்துகளின் தலையில் புள்ளி கூட இருக்கிறது! அந்தப் புள்ளிக்கும் உயிர் மாற்றத்துக்கும் என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கல் அப்படியே இருக்கிறது. படித்துக்காட்டும் மாணவப் பரம்பரைதான் அறுந்துவிட்டது. இதை மனதில் வையுங்கள், கடைசியில் மறுபடி வருகிறேன்.

அச்சு வந்த பிறகு? ஐரோப்பாவில் 1501-இலேயே வெனிஸ் நகரில் பெட்ரூச்சி என்பவர் இசையை அச்சிட்டார். அவர்கள் முறையில் ஐந்து கோடும் அதன் மேல் குமிழ்களும் வேண்டும். கோடு ஒருமுறை, குமிழ் ஒருமுறை, சொல் ஒருமுறை என்று ஒரே தாளை மீண்டும் மீண்டும் அச்சில் ஏற்றினார். சற்று விலகினாலும் பாட்டே மாறிவிடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வென் என்பவர் வெறும் எழுத்தாலேயே எழுதும் சோல்ஃபா முறையைப் பரப்பினார். நம்மிடம் எழுத்து முறை ஏற்கெனவே இருந்தது. நமக்குக் குறைவாக இருந்தது வேறு ஒன்று. நம் பாட்டில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்காது. அசையும், வழுக்கும், அதிரும். அதுதான் கமகம். அதை எப்படி ஈயத்தில் வார்ப்பது?

இங்கேதான் நான் கும்பிடும் ஒரு மனிதர் வருகிறார். சென்னையில் அரசுச் செயலகத்தில் வேலை பார்த்த ஏ.எம். சின்னசாமி முதலியார். கிறிஸ்தவர். தியாகராஜர் முதலியோரின் கீர்த்தனைகள் அழிந்துவிடக் கூடாது என்று, தியாகராஜரின் சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதரைப் பாட வைத்து, ஐரோப்பியக் கோட்டு முறையில் எழுதினார். 1890-களில் தன் சொந்தப் பணத்தில் பகுதி பகுதியாக அச்சிட்டார். பணமும் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது. வாங்கிப் படித்தவர்கள் சிலர்தான்.

அந்த நிலையிலும் அவர் இன்னொரு காரியம் செய்தார். முத்துசாமி தீட்சிதர் குடும்பத்துப் பாடாந்தரம் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரிடம் இருக்கிறது என்று அறிந்து, அதை அச்சில் கொண்டுவர எட்டயபுரம் மகாராஜாவிடம் மன்றாடினார். குடும்பச் சொத்தாகக் காத்த வித்தையை வெளியிடத் தீட்சிதருக்குத் தயக்கம் இருந்தது. ராஜா சொன்ன பிறகு இசைந்தார். 1904-இல் எட்டயபுரத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சாகி வந்ததுதான் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி". முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229 அதில் இருக்கின்றன. கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி என்று கமகத்துக்குத் தனித்தனிக் குறிகள் போட்டார்கள். ஒரு சின்ன சமஸ்தானத்து ஊரில் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நூல் வெளிவந்தபோது சின்னசாமி முதலியார் உயிரோடு இல்லை. இரண்டு வருடத்தில் தீட்சிதரும் மறைந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தமிழ் எழுத்தில் அந்த நூல் வர 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை மியூசிக் அகாடமி பல பாகங்களாக வெளியிட்டது.

இன்னொருவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். நம் இனம்தான், திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு சித்த மருத்துவத்தில் சம்பாதித்ததை எல்லாம் இசைக்குக் கொட்டினார். வெளி அச்சகத்தை நம்பவில்லை, தானே அச்சகம் வைத்தார். 1917-இல் அவருடைய "கருணாமிர்த சாகரம்" ஆயிரம் பக்கத்துக்கு மேல் தமிழில் வந்தது. என் மலர் அனுபவத்துக்குப் பிறகுதான் அவர் ஏன் சொந்த அச்சகம் வைத்தார் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது!

எழுதாமல் விட்டதற்கு விலை என்ன என்பதற்கு அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் சாட்சி. பாட்டு இருந்தது, பழைய மெட்டுகள் பெரும்பாலும் போய்விட்டன. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் புதிதாக மெட்டமைத்த பிறகுதான் அவை கச்சேரி மேடைக்குத் திரும்பின. நமக்கு அரியக்குடியின் இசை கிடைத்தது. கவிராயர் காதில் ஒலித்தது கிடைக்கவில்லை.

இன்றைய நிலைக்கு வருகிறேன். மாணவனுக்குச் சொன்ன வழி இதுதான்: புள்ளியை எழுத்தோடு ஒட்டாதே. அட்டவணை போடு. மேல் வரிசையில் புள்ளி, நடு வரிசையில் ஸ்வரம், கீழ் வரிசையில் பாட்டு. ஒரு மாத்திரைக்கு ஒரு கட்டம். எழுத்துரு மாறினாலும் கட்டம் நகராது. அறச்சலூர்க்காரர் செய்ததும் கட்டம்தானே! கோட்டு முறையில் வேண்டும் என்றால் லில்லிபாண்ட் என்ற இலவச மென்பொருள் 1996 முதல் இருக்கிறது. ஸ்வரத்தை எழுத்தாகத் தட்டினால் அதுவே கோடும் குமிழும் போட்டு, தமிழ் வரியை அசை அசையாகக் கீழே நிறுத்திவிடும். ஆனால் கமகம் அங்கேயும் சிரமம்தான். முதலியார் பட்ட பாடு இன்னும் முடியவில்லை.

"போனில் ரெக்கார்டு பண்ணினால் போதாதா சார்?" என்று கேட்பீர்கள். பண்ணுங்கள், கட்டாயம் பண்ணுங்கள். ஆனால் நானும் கேசட்டில் பதிந்தவன்தான். மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்த கேசட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. ஒலி ஒரு பிரதி, எழுத்து ஒரு பிரதி. இரண்டும் வேண்டும்.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை நான் தாமதமாகத்தான் கற்றேன். என் மலரில் நடந்த தவறு அச்சகத்தின் தவறு மட்டுமல்ல. புரூஃபை நான் பார்த்தேன், பாட்டி பார்க்கவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் காட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அச்சான தாளைப் பார்த்து நான் பாடிக்காட்டியிருந்தால், மலர் பள்ளிக்கு வந்த அன்றே எங்கே தப்பு என்று சொல்லியிருப்பார். எட்டயபுரத்தில் தாள் அச்சாகும்போது தீட்சிதர் இருந்தார். குடுமியான்மலைக் கல்லுக்கு அப்படிப் பாடிக்காட்ட யாரும் மிஞ்சவில்லை.

போன மாதம் அதே களைப்பாட்டின் இன்னொரு வடிவம் தெரிந்த ஒரு அம்மாவிடம் போனேன். எழுதினேன், கட்டம் போட்டு அடித்தேன், திரும்பப் போய்த் தாளைப் பார்த்துப் பாடினேன். மூன்றாவது வரியில் நிறுத்தினார். "அங்க எறங்கக் கூடாதுங்க சார், அங்க நின்னு அப்புறமா எறங்கணும்" என்றார். காற்புள்ளி ஒன்று சேர்த்தேன். மறுபடி பாடினேன். தலையாட்டினார்.

வளப்பூர் நாட்டிலிருந்து அரியூர் நாடு வரை என் மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பாட்டுத் தெரிந்த ஆத்தாவோ அப்பத்தாவோ இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நோட்டோடு வருகிறேன். இரண்டு தடவை வருவேன். ஒருமுறை எழுத, ஒருமுறை பாடிக்காட்ட.