பழைய கள், புதிய மொந்தை

"போர்டு போயிடுச்சு பாஸ். ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அப்படியே கழட்டி வேற போர்டுல மாட்டினா விண்டோஸ் வருமா, இல்ல எல்லாம் அம்பேலா?"

நாம பொட்டி தட்டிப் பிழைக்கிறவன்னு தெரிஞ்சா போதும், கல்யாணப் பந்தியில்கூட இந்தக் கேள்வி வந்து விழும். ஒரு வரியில் பதில் சொல்லிடலாம்தான். ஆனா அந்தப் பதில் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே வந்திருக்கு. எப்படி மாறுச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்குங்க :-)

கதை 1970களின் நடுவில் ஆரம்பிக்குது. கேரி கில்டால் என்ற அமெரிக்கர் சிபி/எம் என்று ஒரு ஓஎஸ் எழுதினார். அப்போ ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு தினுசு. ஒவ்வொண்ணுக்கும் முழு ஓஎஸ்ஸையும் திருத்தி எழுதுவது ஆகிற காரியமா? அதனால் வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கு பயாஸ் என்று பேர் வைத்தார். மெஷின் மாறினால் பயாஸை மட்டும் மாத்து, மத்ததைத் தொடாதே. அவ்வளவுதான் ஐடியா.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி, பயாஸை மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் வைத்தது. டாஸுக்கு டிஸ்க்கில் ஏதாவது படிக்கணும்னா பயாஸைத்தான் கேட்கும். கேட்கிற முறை ஒண்ணுதான், போர்டு எதுவானாலும். அதனால் ஒரு பிசியில் இருந்த டாஸ் டிஸ்க்கை இன்னொரு பிசியில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழும்பிடும். சிலிண்டர் எத்தனை, ஹெட் எத்தனைன்னு செட்டப்பில் சரியாகக் கொடுக்கணும், அது ஒண்ணுதான் இம்சை.

அப்புறம் 1993 ஜூலையில் விண்டோஸ் என்டி வந்தது. டேவ் கட்லர் தலைமையில் எழுதியது. பல வகை ப்ராசஸர்களில் ஓடணும் என்பதற்காக 'ஹால்' என்று ஒரு அடுக்கை வைத்தார்கள். ஹார்ட்வேர் அப்ஸ்ட்ராக்ஷன் லேயர். கில்டால் ஐடியாவின் அண்ணன் மாதிரி. அப்படின்னா போர்டு மாத்துவது இன்னும் சுலபம் ஆகியிருக்கணும் இல்லையா? நடந்தது நேர்மாறு.

காரணம் இதுதான். என்டி, எழும்பிய பிறகு டிஸ்க்கைப் படிக்க பயாஸை நம்பாது. சொந்த டிரைவர் வச்சிருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது அந்த போர்டுக்கு எந்த ஹால், எந்த டிஸ்க் டிரைவர்னு பார்த்து, அதை மட்டும் தயாராக வைக்கும். புது போர்டில் மாட்டினால் முதல் கொஞ்ச தூரம் பயாஸ் தயவில் ஓடும், லோகோ எல்லாம் வரும். பிறகு கெர்னல் தன் டிரைவரை வைத்து டிஸ்க்கைத் தேடும். கிடைக்காது. நீலத்திரை. 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்'.

அதே என்டி வம்சத்தில் 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியால் இந்தக் கூத்து வீட்டுக்கு வீடு வந்தது. எங்க வீட்டுக்கும் வந்தது. நான் பள்ளிக்கூடம் படிச்சப்போ பெண்டியம் 4 போர்டில் கெப்பாசிட்டர் உப்பி, வேற போர்டு போட்டாங்க. நீலத்திரை. "ஃபார்மேட் பண்ணாம முடியாது சார்"னு கடைக்கார அண்ணன் சொல்ல, அப்பாவும் தலையாட்டினார். அப்பா ரெண்டு வருஷமா அடிச்சு வச்சிருந்த கடைக் கணக்கு சி டிரைவோட போச்சு. அந்த நிமிஷம் வரைக்கும் அந்தக் கணக்கு பத்திரமாத்தான் இருந்தது. எழும்பாதது ஓஎஸ் மட்டும்தான். டிஸ்க்கைக் கழட்டி இன்னொரு மெஷினில் ரெண்டாவது டிஸ்க்கா மாட்டியிருந்தா காப்பி எடுத்திருக்கலாம்.

ஓஎஸ்ஸையேகூட காப்பாத்தியிருக்கலாம். பழைய போர்டு உயிரோட இருந்தா, கழட்டும் முன் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் கன்ட்ரோலரை 'ஸ்டாண்டர்ட்' டிரைவருக்கு மாத்திடலாம். போர்டு செத்துட்டா எக்ஸ்பி சிடியில் ரிப்பேர் இன்ஸ்டால். முதலில் காட்டும் ரிப்பேரைத் தாண்டி, ரெண்டாவதாக வரும் ரிப்பேரை அமுக்கணும். ப்ரோகிராம், ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்.

எக்ஸ்பி இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது: ஆக்டிவேஷன். மெஷினில் இருக்கும் பாகங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ரொம்ப மாறினால் "நீ வேற கம்ப்யூட்டர்"னு சொல்லும். மெஷினோடு வரும் ஓஈஎம் லைசென்ஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போர்டுதான் கம்ப்யூட்டர். பழுதுக்காக மாத்தினால் பரவாயில்லை, வேகத்துக்காக மாத்தினால் அது புது மெஷின்.

பிறகு சுவர் மெல்ல இடிந்தது. 2012ல் வந்த விண்டோஸ் 8க்குப் பிறகு, 'டிவைஸ்களைத் தயார் செய்கிறேன்'னு கொஞ்ச நேரம் முனகிவிட்டு பெரும்பாலும் எழும்பிடும். லினக்ஸ்காரர்கள் இதைப் படிச்சு சிரிப்பீங்க, தெரியும். டெபியன் மாதிரி டிஸ்ட்ரோக்கள் ஆரம்பத்திலேயே பெரும்பாலான டிரைவர்களைச் சுமந்துகொண்டு எழும்புவதால் அங்கே இது பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. லைசென்ஸும் இளகியது. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு முடிச்சு போட்டு, போர்டு மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ள வழி வைத்தார்கள்.

சுபம் போடலாமா? அங்கேதான் ட்விஸ்ட்.

2007ல் விஸ்டாவோடு வந்த பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி சாவியை டிபிஎம்மிடம் கொடுத்தது. அந்த டிபிஎம் இருப்பது போர்டிலோ ப்ராசஸரிலோதான். 2024ல் வந்த விண்டோஸ் 11 24ஹெச்2விலிருந்து, புதுசாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் பல வீட்டு மெஷின்களிலும் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. ஆப்பிள் இன்னும் ஒரு படி மேலே. 2018 மேக்புக் ப்ரோவில் ஸ்டோரேஜே போர்டில் சால்டர், சாவி டி2 சிப்புக்குள்ளே. மொந்தை உடைஞ்சா கள்ளும் போச்சு.

அன்னைக்கு ஓஎஸ் எழும்பாது, ஆனா டேட்டா யார் மெஷினிலும் திறக்கும். இன்னைக்கு ஓஎஸ் எந்த போர்டிலும் எழும்பத் தயார், ஆனா சாவி இல்லாட்டி டேட்டா திறக்காது. திருடனுக்குப் போட்ட பூட்டுதான், தப்பு சொல்ல மாட்டேன். சாவி எங்க இருக்குன்னு வீட்டுக்காரனுக்கே தெரியாததுதான் கொடுமை.

அதனால் பந்தியில் கேட்கிறவங்களுக்கு என் இப்போதைய பதில்: போர்டு நல்லா இருக்கும்போதே பிட்லாக்கர் ஓடுதான்னு பாருங்க. ஓடினா அந்த 48 இலக்க ரிக்கவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வைங்க. போர்டை நீங்களா மாத்துறதா இருந்தா, முன்னாடியே பிட்லாக்கரை முழுசா ஆஃப் பண்ணிடுங்க. மேக் வச்சிருக்கிறவங்களுக்கு பேக்கப்தான் ஒரே கதி.

உங்க பொட்டியில் போர்டு மாறின கதை இருந்தா பின்னூட்டத்தில் கொட்டுங்க. நீலத்திரையை ஜெயிச்ச கதைன்னா இன்னும் சந்தோஷம்.