சயாமிலிருந்து திரும்பியவர்கள்

அல்லாஹ்வின் அருளால் நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், சங்கம் தோன்றுவதற்கு முந்திய ஒரு காலத்தையும் இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம். ‘ஜப்பான்காரன் காலம்’ என்று தொடங்கினால் நம் வீட்டுப் பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும் வாழைமர நோட்டைப் பற்றியும் மணிக்கணக்கில் சொல்வார்கள். சயாம் என்றதும் பேச்சு நின்றுவிடும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1943 அக்டோபரில் போட்டு முடிக்கப்பட்டது. அங்கே வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். பசியாலும் மலேரியாவாலும் காலராவாலும் அடி உதையாலும் அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர்களின் சாவோ இதைப்போலப் பல மடங்கு.

பிழைத்தவர்கள் 1945இல் ஊர் திரும்பினார்கள். உடம்பு மெல்லத் தேறியது, மனம் தேறவில்லை. நள்ளிரவில் அலறி எழுவார்கள். கதவு பலமாகச் சாத்தினால் நடுங்குவார்கள். தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் பொறுக்கமாட்டார்கள். விடுதலையான பிரிட்டிஷ் கைதிகளுக்கோ, கண்டதை வெளியே பேச வேண்டாம் என்று அச்சிட்ட தாளையே கொடுத்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் மனம் நோகக்கூடாதாம்! இருந்தவர்களின் மனத்தை யார் பார்த்தார்கள்? இந்த மனக்காயத்திற்கு ஒரு பெயர் வைத்து, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்ததே 1980இல்தான்.

எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சிறு வயது முதல் ரயில் என்றால் உயிர் அவருக்கு. சிங்கப்பூரில் பிடிபட்டு, அதே ரயில்பாதை வேலைக்குக் காஞ்சனபுரிக்கு அனுப்பப்பட்டார். முகாமில் ரகசிய வானொலி அகப்பட்டதும் கை எலும்பு முறிய அடித்தார்கள். மூச்சுத் திணறத் தண்ணீர் ஊற்றி விசாரித்தார்கள். பிறகு சிங்கப்பூர் அவுட்ரம் ரோடு சிறை. ஊர் திரும்பியும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கெட்ட கனவும் ஆத்திரமும் அவரை விடவில்லை. வீட்டாரிடமும் வாய் திறக்கவில்லை. முதுமையில், சித்திரவதைக்கு ஆளானவர்களைக் கவனிக்கும் லண்டன் மருத்துவ அமைப்பொன்றில்தான் மனம் விட்டுப் பேசினார்.

அந்த விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் நாகாசே தகாஷி. அவருக்கும் தூக்கமில்லை. போருக்குப் பின் நேச நாட்டார் கல்லறைகளைத் தேடிச் சென்ற குழுவுக்குத் துணையாக இருந்தவர் அவர். 1993இல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே இருவரும் சந்தித்தார்கள். கொல்லவும் நினைத்திருந்த மனிதரை லோமாக்ஸ் மன்னித்தார். நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

லோமாக்ஸ் படித்தவர், புத்தகம் எழுதினார், உலகம் அறிந்தது. பிரிட்டனும் தன் முன்னாள் கைதிகளுக்கு, தாமதமாகவேனும், 2000ஆம் ஆண்டில் ஆளுக்குப் பத்தாயிரம் பவுன் கொடுக்க முன்வந்தது. தோட்டத்துக்குத் திரும்பிய நம்மவர்களோ மறுபடியும் பால்மரம் சீவப் போனார்கள். அவர்களுடைய கனவுகளை எந்த டாக்டரும் கேட்டு எழுதவில்லை. குடித்தார், கோபக்காரர், யாரோடும் ஒட்டமாட்டார் என்று ஊர் சொன்னது. பிள்ளைகளும் அப்படியே நம்பி வளர்ந்தார்கள்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 வீரர்கள் வரிசையாக அடங்கியிருக்கிறார்கள், புல்லும் பூவும் பராமரிப்பில். தொழிலாளர்களில் மிகப் பலருக்குக் கபுரும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. சயாம் போய்வந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவர் பெயரையும், போன தோட்டத்தையும், வீட்டார் கண்டதையும் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.