திருமயிலை ரயில் நிலையம்

சென்னை மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எழுந்துள்ள பறக்கும் ரயில் நிலையம். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் தொடங்கிய தடம், 1997இல் இங்கு வந்து நின்றது. நிதியும் நிலமும் சிக்கலாக இருக்க, 2004இல் திருவான்மியூருக்கு நீளும்வரை ஆறாண்டுக்கும் மேலாக இதுவே கடைசி நிலையம். 2007இல் தடம் வேளச்சேரியை எட்டியது.

நெரிசலான மயிலாப்பூரில் வீடுகளை இடித்துப் பாதை அமைப்பதைவிடக் கால்வாய்க்கரை எளிதாகப் பட்டது. ஒருகாலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற நீர்வழி இது. தூண்கள் நட்டதில் இன்னும் குறுகிப்போனது. நடைமேடைகள் மேல்தளத்தில் உள்ளன. அவற்றைத் தாங்கும் கான்கிரீட் கட்டடமோ பயணிகள் கூட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத பிரம்மாண்டம். வணிக வருவாயை நம்பி இத்தடத்தில் கட்டப்பட்ட தளங்கள் பலவும் நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்தன.

கபாலீசுவரர் கோயிலுக்கும் லஸ் முனைக்கும் நடந்தே போகலாம். வடக்கே அடுத்த நிலையமான முண்டகக்கண்ணியம்மன் கோயில் 2014இல்தான் திறக்கப்பட்டது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடங்கள் இவ்விடத்தில் நிலத்தடியில் சந்திக்கும்படி திட்டமிடப்பட்டுள்ளன.