கட்டையும் கூட்டுச் சுரமும்

பாடுகிறவரிடம் "உங்கள் சுருதி எத்தனை கட்டை?" என்று கேட்பது தமிழ்நாட்டு வழக்கம். இந்தக் கட்டை என்பது யாது? அது வீணையில் உள்ளதன்று, தம்புராவிலும் இல்லை. ஆர்மோனியப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் கணக்கே அது. மேனாட்டார் 'சி' என்பது நமக்கு ஒரு கட்டை. 'ஜி' என்பது ஐந்து கட்டை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கில் சேரும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆதலால் மூன்றரைக் கட்டைச் சுருதியும் இக்கணக்கில் கிடையாது. ஆர்மோனியத்தை மேடையில் ஏற்ற மறுத்த வித்துவான்களும் தங்கள் சுருதியை அதன் கட்டைகளாலேயே குறித்தார்கள் என்பது சுவையான செய்தி.

பாரிசு நகரத்து டெபெயின் என்பவர் 1842இல் உரிமம் பெற்ற கருவி ஆர்மோனியம். அது தமிழ் மக்களின் காதில் நன்கு பதிந்தது நாடகக் கொட்டகையில்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியது மதுரையிலேதான். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டுமென்றால் உயர்ந்த கட்டையில் பாடவேண்டும். அதற்குத் துணைநிற்க உரத்த கருவியும் வேண்டும். செங்கோட்டை கிட்டப்பாவின் கணீரென்ற குரலுக்கு அவர் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் துணைநின்றது. என் பள்ளிப் பருவத்தில் மேலூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் நடந்த ஸ்பெஷல் நாடகங்களிலும், நடிகர் வருவதற்கு முன் ஆர்மோனியக்காரரே அவையை அடக்கியாள்வதைக் கண்டிருக்கிறேன். கையால் துருத்தி அடிக்கும் பெட்டியில் கட்டைகளுக்குக் கிடைப்பது ஒரு கை. காலால் மிதிக்கும் பெட்டியிலோ இரு கைகளும் விடுதலை பெறும்.

இத்தகைய கருவிக்கு வானொலியின் கதவு அடைக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. இரவீந்திரநாத தாகூரும் அதனை விரும்பாதவர். தடை தளர்ந்தது 1971இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கருவி வாய்மூடி இருக்கச் செய்த குற்றம் எது? அதன் சுரங்கள் அசையா. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது. கமகம் இல்லையேல் தோடி ஏது, பைரவி ஏது?

இக்குற்றச்சாட்டு உண்மையே. இதற்குமேல் இன்னொன்றும் உண்டு. பியானோவும் ஆர்மோனியமும் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வகுப்பவை. அவ்வாறு வகுக்கும்போது அந்தர காந்தாரம் தன் இயற்கையான இடத்தைவிட, ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயர்ந்துவிடுகிறது. இந்தப் பங்கீட்டு ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் சாம்பவர் வடகரையில் பிறந்து, மதுரைக்கு வடக்கே திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பின்னர் தஞ்சையில் வாழ்ந்த அவர், மேனாட்டு இசையையும் முறையாகப் பயின்றவர். 1917இல் அவர் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' பழந்தமிழிசையின் சுருதிகள் இருபத்திநான்கு என்று நிறுவ முயன்ற பெருநூல்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அசையாமை குறை மட்டுந்தானா? சுரங்கள் தத்தம் இடத்தில் அசையாது நின்றால்தான் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடியும். மேனாட்டார் கார்டு என்று வழங்கும் கூட்டுச் சுரம் இந்த நிலைபேற்றின்மேல் எழுந்த மாளிகை. இராகத்திற்குச் சிறையானது, கூட்டுச் சுரத்திற்கு அடித்தளமாயிற்று.

சங்கராபரணத்தின் ச, க, ப மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். நிறைவான ஓர் ஒலி பிறக்கும். காந்தாரத்தை மட்டும் அரைப்படி இறக்கினால் அதே ஒலி வாட்டமுறும். முதலில் சொன்ன மூன்றனோடு காகலி நிஷாதத்தைக் கூட்டினால் ஒலி செறிவடைந்து, மென்மையாய் மிதக்கும். காகலிக்குப் பதில் கைசிகி நிஷாதத்தை வைத்தாலோ, அந்த ஒலி நின்ற இடத்தில் நிற்க ஒப்பாது. காந்தாரம் அரைப்படி ஏறி மத்தியமத்தை நாடும். நிஷாதம் அரைப்படி இறங்கித் தைவதத்தை நாடும். ம, த, ச என்ற கூட்டு வந்தபின்பே செவி அமைதி கொள்ளும். செறிந்த கூட்டுச் சுரங்களின் இரகசியம் இதுவே. சுரங்களை அடுக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு சுரமும் அடுத்து எங்கே செல்ல விரும்புகிறது என்று அறியவேண்டும்.

இதனைத் தொலைவிலிருந்து கற்க இயலுமா? இயலும் என்பதற்கு நம் வட்டாரமே சான்று. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்து, 1996 முதல் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததான பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சென்றவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையிலக்கணம் கற்றார். இலண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் கிட்டார்ப் பாடத்தைத் தொலைவுக் கல்வி வழியே முடித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது, நாட்டுப்புற மெட்டுக்கு அடியில் கூட்டுச் சுரங்கள் உறுத்தலின்றி ஓடுவதை நாடு கேட்டது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது.

இன்று அத்தகைய பாடம் கைபேசியிலேயே வருகிறது. பணி ஓய்வுக்குப் பின் நானும் ஒரு கீபோர்டு வாங்கி, இணையவழிப் பாடம் ஒன்றைப் பின்பற்றி வருகிறேன். அதன் ஆசிரியர் சலிப்பறியாதவர். நூறு முறை கேட்டாலும் முகஞ்சுளியாமல் திரும்பச் சொல்வார். கூட்டில் ஒன்பதாம் சுரத்தைச் சேர்க்கும்போது பஞ்சமத்தை விட்டுவிடலாம், விரல்கள் குறைந்த தூரமே நகரவேண்டும் என்பன போன்ற நுட்பங்களை அவர் தெளிவாகக் காட்டுகிறார். ஆனால் என் மணிக்கட்டு விறைத்திருப்பதை அவர் காணார். நான் அழுத்தியது இசைந்ததா, உரசியதா என்றும் அவர் கேளார். அந்தப் பொறுப்பு கற்பவன் செவியைச் சார்ந்தது. தன்ராஜ் மாஸ்டரைப் போல அருகிருந்து திருத்தும் ஒருவர் இருந்தால், தொலைவுப் பாடம் இருமடங்கு பயன் தரும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் விதி. நம் பிள்ளைகளுக்கு 'சி, இ, ஜி' என்று தொடங்காமல், அவர்கள் நாவில் உள்ள ச, க, ப என்பதிலிருந்து தொடங்கலாம். கமகத்திற்குரிய இடத்தில் கூட்டுச் சுரத்தைத் திணிக்காமலும், கூட்டுச் சுரத்திற்குரிய இடத்தில் அதை வெறுக்காமலும் இருக்கும் பகுத்தறிவு அதனால் வளரும். கட்டை என்ற சொல்லை நம் மொழி நெடுநாளைக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. அக்கட்டைகள் கூடி ஒலிக்கும்போது பிறக்கும் பொருளையும் அறிந்துகொள்வது நம் கடமை.